எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மகள் வீடு

1

சத்தமில்லாத வீதியைக் கண்டுபிடிக்க என்னிடம் சில அடையாளங்கள் உண்டு. மஞ்சள் நிறத் தபால் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வராத வீதியாக இருக்க வேண்டும். நடுவில் வெள்ளைக்கோடு போட்டிருக்கக் கூடாது. மாடு தாண்டிப் போகாதபடி வீதியின் குறுக்கே கிடங்கு வெட்டி, மேலே இரும்புக் குழாய் பதித்திருந்தால் இன்னும் நல்லது. அந்தக் குழாய்களின் மேல் சைக்கிள் சக்கரம் கடகடவென்று உருளும்போது, இதற்கு மேல் கார்க்காரன் தொல்லை இல்லை என்று மனம் ஆறுதல் அடையும்.

நான் இருப்பது ஜூரா மலையின் சுவிஸ் பக்கத்தில், பிரான்ஸ் எல்லைக்குக் கிட்டிய ஒரு சிறு பட்டணத்தில். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சனிக்கிழமை லீவு. முதுகுவலி வந்த ஒரு சக சமையற்காரர் விற்ற சைக்கிளை வாங்கி மூன்று வருசமாகிறது. முதல் வருசம் பட்டணத்துக்குக் கீழே இருக்கும் ஏரிக்கரையில் ஓடினேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரிக் கூட்டம். பிறகுதான் மேலே ஏறத் தொடங்கினேன்.

கல்முனையில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஏற்றம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்துவது கடினம். நமது பக்கத்தில் ஒரு மதகின் முதுகைத் தாண்டினால் அதுதான் ஏற்றம். இங்கே ஒரே கியரில், ஒரே மூச்சில், முக்கால் மணி நேரம் ஊசியிலைக் காட்டுக்குள் ஏற வேண்டும். அதன் பிறகு காடு விலகி மேய்ச்சல் வெளி வரும். கல் மேல் கல்லாக அடுக்கிய மதில்களும், கழுத்தில் மணி கட்டிய மாடுகளும், யாரும் இல்லாத வீதியும் இருக்கும். இந்த வெளியில் ஓடுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் படத்தைப் பார்த்துவிட்டுச் சாய்ந்தமருதிலிருந்து கூட்டாளி ஒருவன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "என்ன மச்சான், இருபது வருசம் வெளிநாட்டுல இருந்து கடைசியில சைக்கிள்தானா மிஞ்சின? அந்தக் கால்சட்டையாவது கொஞ்சம் லூசா வாங்கிருக்கலாமே." பதில் அனுப்பவில்லை. கால்சட்டையைப் பற்றி அவன் சொன்னதில் உண்மை இருந்தது.

2

நான் இரண்டு தடவை புலம்பெயர்ந்தவன். முதல் தடவை நற்பிட்டிமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு. சைக்கிளில் போனால் அரை மணி நேரம்கூட எடுக்காது.

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் போகிறான். மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். மறுநாளிலிருந்து அவன் மனைவியின் வீட்டுக்காரன். மகள் பிறந்தவுடனேயே தகப்பன் அவளுக்கொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். அவள் பேரில் ஒரு வீடு இல்லாமல் அவளைப் பற்றி யாரும் கதைக்க வரமாட்டார்கள். இதைச் சீதனம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நானும் இளம் வயதில் திட்டியிருக்கிறேன். ஆனாலும் மாமா கட்டிய வீட்டுக்குள் என் சாரன்களை மடித்துக்கொண்டு போனவன்தான் நான். முதல் மாசம் முழுவதும் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட யாரையாவது கேட்டேன்.

என் மனைவி றிஸானாவின் பேரில் இருந்த அந்த வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது குறுக்குத் தெருவில். சுனாமி வந்த காலையில் நாங்கள் நற்பிட்டிமுனையில் என் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். அதனால் நாங்கள் இருக்கிறோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. மகள் ஹஸ்னாவுக்கு அப்போது நாலு வயது. அவள் அந்த அத்திவாரத்தின் மேல் ஏறி, குசினி எங்கே, முன்கூடம் எங்கே என்று காட்டிக்கொண்டு நடந்தாள்.

அதன் பிறகுதான் இரண்டாவது பயணம். நான் ஒரு ஹோட்டல் சமையலறை வேலைக்கு முதலில் வந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். இடையில் நிரப்பிய படிவங்களைப் பற்றி எழுதினால் நீங்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இத்தனை வருசத்தில் என் மகளுக்கு நான் ஒரு வீடு கட்டவில்லை. அங்கேயும் கட்டவில்லை, இங்கேயும் கட்டவில்லை. வாடகைக்கு மூன்று அறை. அது என்னை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

3

ஹஸ்னா கைக்கடிகார உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய ஊசிகளைச் சோதிக்கிற வேலை. அங்கே மர வேலைக்கு வந்த எமிர் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. பொஸ்னியாவிலிருந்து வந்த குடும்பம். தகப்பன் இல்லை. தாய், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் ஆற்றோரத்து ஊரொன்றில் இருக்கிறார். பையன் தொழுகிறவன், மரியாதையானவன். எனக்கு மறுப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

பிழை விட்டது நான்தான். கலியாணம் பேச அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கோப்பியும் பலகாரமும் வைத்து, நமது ஊரில் பெண்ணின் தகப்பன் எப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்வானோ அப்படியே, பிரெஞ்சில் சொன்னேன்: "உங்கள் மகனை எங்கள் வீட்டுக்குத் தந்துவிடுங்கள். அவருக்கு ஒரு அறை ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடைசிவரைக்கும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

இதை விடக் கௌரவமான ஒரு பேச்சு எனக்குத் தெரியாது. அந்த அம்மா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என் மகனுக்கு வீடில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். "நான் உயிரோடு இருக்கிறேன். அவன் அநாதை இல்லை."

நான் விளக்கப் போனேன். சமையலறையில் கற்ற பிரெஞ்சு என்னுடையது. சமையலறையில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அன்றைக்கு அந்த அம்மாவையும் 'நீ' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு ஹஸ்னா சொன்னாள். அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஹஸ்னா என்னோடு சண்டை பிடித்தாள். "ஒங்கட ஊர் முறைய இங்க ஏன் வாப்பா கொண்டு வாறீங்க? மூணு அறை வாடக வீட்டயா எனக்குச் சீதனமாத் தரப்போறீங்க?"

அவள் கோபத்தில் சொன்னது. ஆனால் அந்த இடத்தில் அடி விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப அவங்கட வீட்டுலயே போய் இரி," என்று சொல்லிவிட்டேன்.

நிக்காஹ் நடந்தது. பெண்ணின் பொறுப்பாளராக, வலீயாக, நான் கை கொடுத்தேன். எமிரின் தாய் பெண்கள் பக்கத்தில் இருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அன்றைக்கே ஹஸ்னா பெட்டியை எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டிப் போனாள். நமது ஊரில் ஒரு பெண் இப்படிப் பெட்டியோடு போய் நான் பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்காமல் மாடிப்படியில் நின்றுகொண்டேன். வீட்டில் றிஸானாவிடம், "இனி அந்தக் கத இங்க வேணாம்," என்றேன். அவள் சரி என்றாள்.

4

இரண்டு கிழமையில் உள்ளூராட்சிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறியதாக அறிகிறோம், படிவத்தை நிரப்பித் தரவும் என்றது. நம்முடைய கிராம சேவகருக்கு இந்த வேகம் வந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

படிவத்தில் வெளியேற்றம் தற்காலிகமா நிரந்தரமா என்று ஒரு கேள்வி. நான் தற்காலிகம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னையும் கணினியையும் பார்த்தாள்.

"உங்கள் மகள் அந்த நாட்டில் பதிந்துவிட்டாரே ஐயா."

"திரும்பி வரலாம்," என்றேன்.

"வந்தால் புதிதாகப் பதியலாம். ஒரு ஆள் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும்."

வேறொரு படிவம் தந்தாள். நிரந்தரம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். வீட்டில் இப்போது இரண்டு பேர் என்று அச்சடித்த தாள் ஒன்று கிடைத்தது. அதை யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்தேன்.

அதிலிருந்துதான் நான் எல்லை வரை ஓடத் தொடங்கினேன். பாதையை விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பட்டணத்தை விட்டு மரம் அரியும் ஆலையைத் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். காட்டுக்குள் ஆறு வளைவு. மேலே ஏறியதும் நீளமான ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கோடையிலும் காலையில் விரல் விறைக்கும். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு சுங்கச் சாவடி. அதைக் கடந்தால் புல்லுக்குள் எல்லைக்கல். இந்தப் பக்கம் ஒரு சின்னம், அந்தப் பக்கம் ஒரு பூ. தடுப்பும் இல்லை, காவலும் இல்லை. வீதி அப்படியே கீழே இறங்கிப் போகும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கல்லில் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மழைக்காலம், பனிக்காலம் தவிர்த்து ஒரு வருசம். மற்ற ஓட்டக்காரர்கள் கையசைத்துவிட்டு இறங்கிப் போவார்கள். ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், வீராப்பு என்றுதான் சொல்ல வேண்டும். போய் அந்த அம்மாவின் வாசலில் நிற்பதா? அவருடைய மருமகளைப் பார்க்க அனுமதி கேட்பதா? வெளியில் மலையைப் பார்க்கிற மாதிரி நின்றேன். உண்மையில் என் மனம் மகள் முகத்தைத் தேடியது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது றிஸானா மூடி போட்ட ஒரு சில்வர் பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். கெரியரில் வைத்து இறப்பர் நாடாவால் இழுத்துக் கட்டினாள்.

"என்ன இது?"

"வட்டிலாப்பம். இண்டைக்கு நிக்காஹ் முடிஞ்சு ஒரு வருசம்."

நான் பம்பைக் கழற்றினேன். அவள் ஒரு துண்டுக் கடதாசியை என் சட்டைப்பையில் செருகினாள்.

"கீழ ஆத்தடிக்குப் போகத் தேவல்ல. இறக்கத்துல முதலாவதா வாற ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால."

அவர்கள் வீடு மாறியிருக்கலாம் என்று நினைத்தேன். வேறொன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் இன்று வீட்டில் எனக்குச் சோறில்லை என்பது மட்டும் விளங்கியது.

5

எல்லைக்கல்லடியில் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். பிரேக்கைப் பிடித்தபடி தாண்டினேன்.

முதல் வளைவிலேயே பிரெஞ்சுச் சுங்கக்காரர் இருவர் வண்டியை ஓரங்கட்டி நின்றார்கள். ஒரு வருசமாக ஈ காக்கை இல்லாத வீதி. நான் கடக்கிற அன்றைக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். கையைக் காட்டி நிறுத்தி, வதிவிட அட்டையை வாங்கிப் பார்த்தார்கள்.

"அந்தப் பாத்திரத்தில் என்ன?"

துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். வட்டிலாப்பம் வெயிலில் லேசாக ஆடியது. தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி, ஏலம் என்று வரிசையாகச் சொன்னேன். சமையலறைப் பிரெஞ்சு உருப்படியாக உதவிய நேரம் அது ஒன்றுதான். ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"எங்கே போகிறீர்கள்?"

"மகள் வீட்டுக்கு," என்றேன்.

மருமகன் வீட்டுக்கு என்று சொல்ல நினைத்தேன். வாயில் இதுதான் வந்தது. அவர் அட்டையைத் திருப்பித் தந்து, கீழே மூன்றாவது வளைவில் சரளைக்கல் கிடக்கிறது, மெதுவாக இறங்குங்கள், பாத்திரம் கவிழ்ந்துவிடும் என்றார்.

மெதுவாகவே இறங்கினேன். அந்தப் பக்கத்து இறக்கம் நல்ல இறக்கம். நிழல் அதிகம், வீதி அகலம் குறைவு, கீழே ஆறு விட்டு விட்டுத் தெரியும். வாசலில் என்ன சொல்வது என்ற யோசனையில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

6

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்வீடு. பக்கத்துக் கொட்டிலில் யாரோ பலகை சீவும் சத்தம். கதவைத் தட்டினேன். ஹஸ்னா திறந்தாள்.

"வாப்பா," என்றாள். பிறகு என் தலைக்கவசத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். பாத்திரத்தை நீட்டிக்கொண்டே அழுததால் அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

உள்ளே குசினிக் கதிரையில் இருத்தினாள். தேத்தண்ணி உடனே வந்தது. கேத்திலில் தண்ணீர் ஏற்கனவே கொதித்திருந்தது.

"நான் வருவன் என்டு தெரியுமா?"

"உம்மா சொன்னா. மேல வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறீங்க என்டும் சொன்னா. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு மணிக்குக் கேத்தில் வைக்கிறதான் வாப்பா."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ஒங்கட மாமி எங்க? அவட கூட நான் கதைக்கணும்."

"மாமி கீழ, ஆத்தடியில. அவட வீட்டுல."

"அப்ப இது யார்ட வீடு?"

"உம்மா ஒங்களுக்குச் சொல்லல்லயா?"

அன்று பின்னேரம் வீடு திரும்பிய பிறகு இதை றிஸானாவிடம் கேட்டேன். "நீங்கதானே அந்தக் கத இங்க வேணாம் என்டு சொன்னீங்க," என்றாள். அவள் குறைந்தது மூன்று தடவை அங்கே போய் வந்திருக்கிறாள். நான் வேலைக்குப் போன நாட்களில், ஹஸ்னாவே காரில் வந்து ஏற்றிப் போயிருக்கிறாள்.

"இது என்ட வீடு வாப்பா," என்றாள் ஹஸ்னா. "என்ட பேருலதான் இரிக்கி. ரெண்டு மாசம் மாமிட வீட்டுல இருந்தம். பொறகு இத வாங்கின. அவர் சொந்தமாத் தொழில் தொடங்கின புதுசு. பேங்க்ல என்ட வேலையத்தான் பாத்தாங்க. அதால என்ட பேருல எழுதின. அவர்தான் இங்க வந்து இரிக்காரு."

நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஒங்களுக்காக இல்ல," என்றாள். பிறகு கரண்டியால் வட்டிலாப்பத்தின் ஓரத்தைக் கிளறிக்கொண்டு, "கொஞ்சம் ஒங்களுக்காகவும்தான்," என்றாள். "கையெழுத்து வைக்கக்குள்ள அந்த அத்திவாரம்தான் ஞாபகம் வந்த."

அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளைகள் விலகிப் போகிறார்கள், மொழி போகிறது, முறை போகிறது என்று இந்தப் பக்கங்களில் நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். ஒன்றுமே செய்யாத தகப்பனுடைய மகள், தன் பேரில் வீட்டை எழுதி, மாப்பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

எமிர் கொட்டிலிலிருந்து மரத்தூளோடு வந்தான். எனக்கு ஸலாம் சொல்லிக் கை தந்தான். பிறகு ஹஸ்னாவின் பக்கம் திரும்பி, எந்தக் கோப்பையை எடுக்கலாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"இங்கே வசதியாக இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். இந்த முறை 'நீங்கள்' என்று சரியாகச் சொன்னேன்.

"நன்றாக இருக்கிறது," என்றான். கொஞ்சம் யோசித்து, "அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை," என்றான். "மகனை வீட்டை விட்டுக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு கிழமைக்கான சாப்பாட்டைச் சேர்த்து வைத்துத் தருகிறார்."

7

ஆற்றோரத்து ஊருக்கு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். ஹஸ்னா காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஆற்றை ஒட்டி ஒரு பழைய வீதி இருக்கிறது. மேலே பெரிய வீதி வந்த பிறகு இதில் வண்டிகள் போவதில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பச்சைத் தண்ணீர். மீன் பிடிக்கிற இரண்டு பேரைத் தவிர யாரையும் காணவில்லை. இந்தக் குறிப்புகளில் சொன்ன பாதைகளில் மிகவும் அமைதியானது இதுதான். நானோ அதில் ஓடியபடி பிரெஞ்சு வசனங்களைக் கட்டிக் கட்டி உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருசமாக நான் என்னைப் பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று நினைத்துக்கொண்டு மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன். பறிகொடுத்தவர் இந்த வீதியின் முடிவில் தனியாக இருக்கிறார். அவர் மகனைக் கொண்டுவந்தது எங்கள் பக்கம். மாப்பிள்ளையை அழைத்துப் போகப் பெண்வீட்டார் மரியாதையோடு போக வேண்டிய வாசலுக்கு, நான் ஒரு வருசம் பிந்தி, இறுக்கமான கால்சட்டையோடு போய்க்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நான் கட்டி வைத்திருந்த மன்னிப்பு வசனத்தின் முதல் சொல்லைச் சொல்வதற்குள் அவர் கேட்டார்:

"அவர்கள் வீட்டுக்குப் போய்த்தானே வருகிறீர்கள்? என் பிள்ளை அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?"

நற்பிட்டிமுனையில் என் உம்மா, சாய்ந்தமருதுப் பக்கமிருந்து யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெண்ணின் தகப்பன். பிரெஞ்சு முழுவதும் எங்கேயோ போய்விட்டது.

"ஓம், நல்லாச் சாப்பிடுறாரு," என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, வழி விட்டு நின்றார்.